பியாட்றிஸின் களைப்பு

மானிப்பாயில் இருந்து சண்டிலிப்பாய்ப் பக்கம் போகும் தெருவில், தேத்தண்ணிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்த பற்றிஸும் றோல்ஸும் பெரும்பாலும் ஒரே குசினியில் இருந்துதான் வந்தன. அது பியாட்றிஸின் குசினி. விடியப்புறம் எழும்பி மா குழைத்து, கிழங்கு அவித்து, மீன் உதிர்த்து, பள்ளிக்கூட மணி அடிக்க முன்னம் எல்லாவற்றையும் பொரித்து இறக்கிவிடுவாள். அவளுடைய கணவர் எட்வேர்ட் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிகளை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. "பியாட்றிஸின்ரை பற்றிஸ்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வார்கள். தெருவில் போகும்போது அது அவள் காதிலும் விழும். திரும்பிப் பார்க்காமல் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

அவளை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பியாட்றிஸ் கெதியாகக் களைத்துப்போகிற ஆள். கிணற்றடியில் இருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தால் குசினி வாசற்படியில் இருந்துவிடுவாள். தேவாலயத்தில் பாட்டுக்கு எல்லோரும் எழும்பும்போது அவள் முன் வாங்கின் சாய்பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். கலியாணம் கட்டி வந்த புதிதிலேயே மாமியார், "பிள்ளைக்குத் தேகபலம் காணாது" என்று சொல்லியிருந்தார். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அந்த வீட்டில் தங்கிவிட்டது. காலப்போக்கில் பியாட்றிஸே அதை ஒப்புக்கொண்டுவிட்டாள். சிலர் நெட்டை, சிலர் கறுப்பு, தான் களைக்கிற ஆள். கடவுள் அப்படிப் படைத்துவிட்டார் என்று இருந்தாள்.

அவர்களுடைய ஒரே மகள் நிஷானி, இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பிய அடுத்த வருடம் பிறந்தவள். அதற்கு முன்னம் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த மாதங்களில் என்ன சாப்பிட்டோம் என்று பியாட்றிஸுக்கு இப்போது ஞாபகம் இல்லை. சாப்பிட்டிருந்தால்தானே ஞாபகம் இருக்கும். பிள்ளை பிறந்த பிறகு மாதவிலக்கு நாட்களில் இரத்தம் கட்டுக்கடங்காமல் போகத் தொடங்கியது. பழைய சேலைகளைக் கிழித்துக் கிழித்து வைத்துக்கொண்டாள். பெண்களுக்கு உள்ளதுதானே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருமுறை கிளினிக்கில் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் குறைவு என்று குளிசை கொடுத்தார்கள். குளிசை வயிற்றைப் பிரட்டியது, மலம் கறுத்துப் போனது. பயந்துபோய் அதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

சாப்பாடும் அவளுக்கு அப்படித்தான். கடைகளுக்குச் சாமான் போய், எட்வேர்ட் சாப்பிட்டு, மகளுக்குக் கட்டிக் கொடுத்து, சட்டி பானை கழுவி முடிந்த பிறகு மிஞ்சியதை வெறும் தேத்தண்ணியோடு விழுங்குவாள். அந்த நேரத்தில் பசி கெட்டுப்போயிருக்கும். ஆனால் அரிசி கழுவும்போது ஒரு பிடியை அள்ளி வாயில் போடாமல் அவளால் இருக்க முடியாது. வீட்டுக்குப் பிறிஜ் வந்த பிறகு அந்த ஆசை ஐஸ் கட்டிக்குத் தாவியது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ஐஸைக் கடித்து நொறுக்குவாள். ஏன் இப்படி ஒரு ஆசை என்று விளங்கவில்லை. வளர்ந்த மனுசி செய்கிற காரியமா இது என்ற வெட்கம்தான் இருந்தது.

மாதவிலக்கு நின்றதும் உடம்பு தேறிவிடும் என்று நினைத்தாள். உடம்பு தேறவில்லை. போதாக்குறைக்குத் தொண்டையும் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கியது. ஒரு மார்கழி நத்தார் விருந்தில், தேவாலயத்து மண்டபத்தில் எல்லோரோடும் சேர்ந்து இருந்து சாப்பிடும்போது, ஆட்டிறைச்சித் துண்டொன்று தொண்டையில் இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள், அது மூக்கால் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். போதகரின் மனைவி எழும்பி ஓடிவந்தார். பியாட்றிஸ் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்க் கிணற்றடியில் துப்பினாள். திரும்பி மண்டபத்துக்குள் போக அவளுக்கு முகமில்லை. வெளியே மோட்டார் சைக்கிளின் பக்கத்திலேயே நின்று எட்வேர்ட் வரும்வரை காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வெளியிடங்களில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். வீட்டில் பாண் துண்டுகளைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள்.

"ஏன் உப்பிடித் தோய்ச்சுத் தோய்ச்சுச் சாப்பிடுறாய், பல்லுப் போன ஆக்கள் மாதிரி?" என்று எட்வேர்ட் கேட்பார்.

"எனக்கு இதுதானப்பா பிடிக்குது."

அவர் மேற்கொண்டு கேட்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவருக்கு வெற்றிலைத் தட்டத்தின் மேல்தான் கண். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு துண்டுப் புகையிலை. கலியாணத்துக்கு முன்னம் இருந்தே அவருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அவருடைய சேர்ட்டுகளில் தெறித்த சிவப்புக் கறைகளைத் தேய்த்துத் தேய்த்தே பியாட்றிஸுக்கு வெற்றிலையின் மணம் வெறுத்துப்போயிருந்தது.

நாக்கு எரியத் தொடங்கியபோதுதான் தொழிலுக்கு இடைஞ்சல் வந்தது. பற்றிஸுக்குள் வைக்கிற கிழங்குக் கறியில் ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. அடுத்த வீட்டு அருமைநாயகி காலையில் றோல்ஸுக்கு றஸ்க் தூள் பிரட்ட வருகிறவர், பியாட்றிஸை விட மூத்தவர். அவரிடம் ஒருநாள் அகப்பையை நீட்டினாள்.

"இந்தாங்கோ அக்கா, உப்பு, உறைப்புச் சரியோ எண்டு பாருங்கோ."

"ஏன், நீ பாக்கேல்லையோ?"

"எனக்கு நாக்கு எரியுதக்கா."

"எவ்வளவு நாளா?"

"கனகாலமா."

அருமைநாயகி கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, உப்புக் காணாது என்றார். பிறகு அவள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "நாக்கு எரியிறவள் கறி வைச்சு விக்கிறாள். பொல்லாத ஆளடி நீ. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு."

காட்டவில்லை. அடுத்த மாரி தொடங்கும்போது நாக்கின் இடது கரையில் ஒரு புண் வந்தது. கடைவாய்ப் பல்லொன்று உடைந்து கூராக இருந்தது, அதுதான் உரஞ்சுகிறது என்று நினைத்தாள். பாமசியில் பூசுமருந்து வாங்கிப் பூசினாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மாரி போய்ப் பனிக்காலமும் வந்தது. புண் மாறவில்லை, கரை தடித்துக் கல்லுப்போல ஆனது. ஒரு நாள் காலை தலையணையில் இரத்தம் கலந்த எச்சில் இருந்ததை எட்வேர்ட் கண்டுவிட்டார். அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சந்திக்குக் கிட்ட இருந்த பல் வைத்தியரிடம் கொண்டுபோனார்.

ஜெரோசன் என்ற அந்த வைத்தியர் இளம் வயதுக்காரர், அமைதியாகக் கதைப்பவர். பியாட்றிஸ் கதிரையில் சாய்ந்தவுடனேயே சொல்லிவிட்டாள். "இந்தக் கூர்ப் பல்லை ஒருக்கா அராவி விட்டால் காணும் டொக்டர். அதுதான் நாக்கிலை உரஞ்சுது."

அவர் துணித்துண்டால் நாக்கின் நுனியைப் பிடித்து இழுத்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தார். விரலால் புண்ணின் கரையை அழுத்தினார். தாடையின் கீழே தடவினார். அராவுகிற கருவியை அவர் எடுக்கவே இல்லை.

"வெத்திலை போடுறனீங்களோ அம்மா?"

"இல்லை."

"முந்தி போட்டனீங்களோ?"

"ஒருநாளும் இல்லை."

"பாக்கு மட்டும், சும்மா பொழுதுபோக்கா எண்டாலும்?"

பியாட்றிஸுக்குச் சுறுக்கென்றது. "டொக்டர், வெளியிலை இருக்கிறாரே என்ரை மனுசன், அவருக்குத்தான் உந்தப் பழக்கம். என்ரை வாயிலை ஒரு பாக்குத்துண்டு பட்டதில்லை. வேணுமெண்டால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

"கோவிக்காதேங்கோ. நான் கேக்கத்தான் வேணும்." அவர் மறுபடி நாக்கைப் பார்த்தார். இந்த முறை புண்ணைப் பார்க்கவில்லை, முழு நாக்கையும் பார்த்தார். அதில் இருக்கவேண்டிய சொரசொரப்பு எதுவும் இல்லாமல், மெழுகு பூசிய மாதிரி அது சிவந்து மினுங்கியது. இரண்டு கடைவாயும் வெடித்திருந்தன. "கையை ஒருக்கா நீட்டுங்கோ" என்றார். நீட்டினாள். நகங்கள் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும் போல இருந்தன. பிறகு கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"சாப்பாடு விழுங்கேக்கை தொண்டையிலை தங்கிறதோ?"

பியாட்றிஸ் திடுக்கிட்டுப் போனாள். அந்த நத்தார் விருந்துக்குப் பிறகும் அது தொடர்ந்ததை அவள் எட்வேர்டுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"ஐஸ் கட்டி, பச்சை அரிசி, அப்பிடி ஏதும் சாப்பிடச் சொல்லி மனம் கேக்கிறதோ?"

அவள் களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கதிரையில் அப்படிக் கிடந்தபோது, தன் உடம்புக்குள் இவ்வளவு காலமும் ஒளித்துவைத்த எல்லாவற்றையும் ஒருவர் வாசித்துக்கொண்டு போவது போல இருந்தது. பயத்தோடு கொஞ்சம் ஆறுதலும் வந்தது.

ஜெரோசன் எட்வேர்டையும் உள்ளே கூப்பிட்டார். புண்ணின் கரையில் இருந்து சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கவேண்டும், சுணங்காமல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

முடிவு வந்தபோது அது புற்றுநோய்தான். நாக்கில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கவேண்டும், கழுத்திலும் வெட்டிப் பார்க்கவேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். நாள் குறிக்க முன்னம் எட்வேர்ட் ஒருக்கா ஜெரோசனிடம் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. உள்ளே போய் இருந்ததும் அடக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"டொக்டர், நான் நாப்பது வருசமா வெத்திலை போடுறன். எனக்கு வரவேண்டியதெல்லோ இது? இவவுக்கு ஏன் வந்தது?"

ஜெரோசன் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தார். "இதாலைதான் வந்தது எண்டு அடிச்சுச் சொல்ல ஒருவராலையும் ஏலாது ஐயா. ஆனா அம்மாவுக்குக் கன வருசமா இரத்தத்திலை இரும்புச்சத்து இல்லை. அப்பிடி இருந்தால் வாயிலையும் தொண்டையிலையும் இருக்கிற மெல்லிய தோல் இன்னும் மெலிஞ்சு போகும். தன்னைத் தானே திருத்திக்கொள்ளுற பலம் அதுக்குக் குறையும். அப்பிடியான ஆக்களுக்கு, முக்கியமாப் பொம்பிளையளுக்கு, வாயிலையும் தொண்டையிலையும் இந்த வருத்தம் வாறது மற்றவையை விடக் கூட எண்டு கன இடத்திலை கண்டிருக்கினம். ரெண்டும் சேர்ந்து வருகுது. எது எதைக் கொண்டு வருகுது எண்டு இன்னும் முழுசாத் தெரியாது."

"அப்ப, இந்தக் களைப்பு?" என்று பியாட்றிஸ் கேட்டாள். "எனக்குக் கலியாணம் கட்டின காலத்திலை இருந்து இருக்கிற களைப்பு?"

"அது நோய் அம்மா. உங்கடை குணம் இல்லை."

வெளியே வரும்போது ஜெரோசன் எட்வேர்டைப் பார்த்து, "நீங்களும் ஒருக்கா வாயைக் காட்டுங்கோவன்" என்றார். "முதல்லை இவவின்ரை அலுவல் முடியட்டும்" என்று எட்வேர்ட் நழுவிவிட்டார். அன்று வீட்டுக்குப் போனதும் வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுபோய்ப் பின்வளவில் கவிழ்த்துக் கொட்டினார். பியாட்றிஸ் அதைக் குசினி யன்னலால் பார்த்தாள். இவ்வளவு காலமும் அவள் கேட்டுக் கேட்டு நடக்காத காரியம். இப்போது நடந்ததில் அவளுக்கு மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை.

செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஹோர்லிக்ஸும் தோடம்பழமும் கொண்டுவந்தார்கள். கூடவே வெற்றிலை போட்டாளா என்ற கேள்வியையும் கொண்டுவந்தார்கள். நேரே கேட்டவர்கள் குறைவு. எட்வேர்டின் மச்சாள் முறையான ஒருத்தி மட்டும் படலையடியில் நின்று அருமைநாயகியிடம், "வீட்டுக்குள்ளை ஒளிச்சுப் போட்டிருப்பாவோ?" என்று கேட்டாள். அருமைநாயகி குரலைத் தாழ்த்தவில்லை. "அவள் சோறே ஒழுங்காச் சாப்பிடேல்லை. வெத்திலைக்கு எங்கை போறது? நீங்கள் போயிட்டு வாங்கோ." உள்ளே படுத்திருந்த பியாட்றிஸுக்கு அது கேட்டது. நோய் வந்ததை விட, தான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று ஊருக்கு நிரூபிக்கவேண்டி வந்ததுதான் அவளை அதிகம் நோகச் செய்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் அனுமதித்து இரத்தம் சோதித்தபோது, சாதாரணமாக இருக்கவேண்டியதில் அரைவாசிதான் அவளிடம் இருந்தது. இந்த நிலையில் மயக்கமருந்து கொடுக்க ஏலாது, முதலில் இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். தேவாலயத்து இளைஞர்கள் சிலர் வந்து இரத்த வங்கியில் இரத்தம் கொடுத்தார்கள். அவளுக்கு ஏறியது அவர்களுடையதா, யாரோ முகம் தெரியாதவருடையதா என்பது தெரியாது. தலைக்கு மேலே தொங்கிய பையில் இருந்து அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அடுத்தடுத்து இரண்டு மூன்று பைகள், பிறகு இரும்புச்சத்து ஊசி.

ஒரு நாள் காலை மேல்மாடியில் எக்ஸ்றே படம் எடுக்கப் போகவேண்டி இருந்தது. லிப்ட் வரும்வரை நில்லுங்கோ என்று சிற்றூழியர் சொல்லிவிட்டு யாரோடோ கதைக்கப் போய்விட்டார். பியாட்றிஸ் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படியில் ஏறத் தொடங்கினாள். நடுவில் இருக்கிற தட்டில் வழக்கம் போல நின்று கைபிடியைப் பிடித்தாள். நெஞ்சு அடிக்கும், காதுக்குள் இரையும், கண் இருட்டும், அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நெஞ்சு தன்பாட்டில் இருந்தது. மிச்சப் படிகளையும் ஏறினாள். மேலே போய், ஒன்றையும் பிடிக்காமல், இரண்டு காலில் நின்றாள்.

இதுதானா? எல்லாச் சனமும் ஒவ்வொரு நாளும் இப்படித்தானா இருக்கிறது? படி ஏறினால் ஏறினதுதான், வாளி தூக்கினால் தூக்கினதுதான், பிறகு அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. அருமைநாயகி அக்கா இப்படி, கடைக்காரர் இப்படி, பஸ்ஸுக்கு ஓடுகிற எல்லோரும் இப்படி. நாக்கில் புற்றுநோயை வைத்துக்கொண்டு அவள் அந்த மாடியில் நின்று, தன் வாழ்க்கையிலேயே முதல்தரமாகச் சுகமாக இருந்தாள். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடிய முன்னமே பெருங்கோபம் வந்தது. யாரில் கோபிப்பது என்று தெரியவில்லை. மாமியார் இறந்து கனகாலம். குளிசையை மேல்தட்டில் வைத்தது அவளேதான்.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது வாய் முழுக்க வீங்கி, மூக்கால் குழாய் போயிருந்தது. கழுத்தில் தையல். கதைக்க ஏலாது, கொப்பியில் எழுதிக் காட்டினாள். நாட்கள் போய்க் குழாயைக் கழற்றிய பிறகு, வாட்டுக்குப் புதிதாக வந்த நேர்ஸ் ஒருவர் பேர் கேட்டார். பியாட்றிஸ் வாயைத் திறந்தாள். அவளுடைய பெயரின் நடுவில் நாக்கு மேலே போய்த் தொடவேண்டிய ஒரு இடம் இருக்கிறது. தொட நாக்கில்லை. "பியாத்தீஸ்" என்று வந்தது. நேர்ஸ் விளங்காமல் நிஷானியைப் பார்த்தார். மகள் சொல்லவேண்டியதாகப் போயிற்று. அன்று பின்னேரம் முழுக்கப் பியாட்றிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நிஷானி யாழ்ப்பாணத்தில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்தாள். வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். வாயில் வைத்துச் சூப்பச் சொல்லித் தாய்க்கு ஒரு கோப்பையில் ஐஸ் துண்டுகள் கொடுத்திருந்தார்கள். நிஷானி கட்டிலின் கரையில் இருந்து அலுவலகக் கதைகளைச் சொல்லிக்கொண்டே அந்தக் கோப்பைக்குள் கைவிட்டு, ஒவ்வொரு துண்டாக எடுத்து மொறுமொறு என்று கடித்தாள். கோப்பை முடிந்துவிட்டது. பியாட்றிஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்து நகங்களைப் பார்த்தாள். நகத்தில் சிவப்புப் பூச்சு இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை வெளிறிப்போய் இருந்தது.

கொப்பியில் எழுதினாள்: எப்ப இருந்து ஐஸ் சாப்பிடுறனி?

"ஐயோ அம்மா, இந்த வெயிலுக்குத்தான்" என்று நிஷானி சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை எடுக்கவேண்டி இருந்தது. அந்த வாரங்களில் வாய் வெந்து, எச்சில் வற்றி, கஞ்சித் தண்ணீரே முள்ளாகக் குத்தியது. ஆனாலும் பியாட்றிஸின் கண் மகளின் மேல்தான் இருந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே கதிரையில் சாய்ந்துவிடுகிறாள். ஞாயிறுகளில் மத்தியானம்வரை எழும்புவதில்லை. வாளியில் ஊறும் துணிகளில் இருந்து மாதாமாதம் எவ்வளவு இரத்தம் போகிறது என்பதும் தாய்க்குத் தெரிந்துவிட்டது.

சிகிச்சை முடிந்து சில நாட்களில், சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள். "நிஷானி, நாளைக்கு இரத்தம் குத்திப் பாக்கவேணும்."

பாதிச் சொற்கள் குழைந்து வந்தன. நிஷானி தகப்பனைப் பார்த்தாள்.

"இரத்தம் சோதிக்கட்டாம்" என்றார் எட்வேர்ட். அவர் அதற்குள் மனைவியின் புதுப்பேச்சைப் படித்துவிட்டார்.

"எனக்கு ஒண்டும் இல்லை அம்மா. வேலைக் களைப்பு. பஸ்ஸிலை நெரிஞ்சு வந்தால் ஆருக்கும் இருக்கும்."

"அது களைப்பு இல்லை!" பியாட்றிஸ் மேசையில் அடித்தாள். "கயைப்பு" என்றுதான் வந்தது. கோப்பை அதிர்ந்தது. அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. திரும்பச் சொல்லப் பார்த்தாள், திரும்பவும் அப்படியே வந்தது. கண்ணீர் வந்துவிட்டது. "எனக்கும் எல்லாரும் உப்பிடித்தான் சொன்னவை. நானும் நம்பினனான்."

இந்த முறை எட்வேர்ட் மொழிபெயர்க்கவில்லை. நிஷானிக்கு விளங்கியிருந்தது. அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் இன்னும் வாயைக் காட்டேல்லைத்தானே?"

"நான்தான் விட்டிட்டனே."

"விட்டா முடிஞ்சுதோ? நீங்கள் வாயைக் காட்டுங்கோ, நான் இரத்தம் குத்துறன்."

எட்வேர்ட் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தப்ப வழி இல்லை.

நிஷானிக்கு இரத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. ஸ்கான் செய்தபோது கருப்பையில் கட்டிகள் இருந்தன, ஆபத்தில்லாதவை, மருந்தால் அடக்கலாம் என்றார்கள். இரும்புச்சத்துக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார்கள், வயிற்றைப் பிரட்டுவது குறையும். மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று அந்த லேடி டொக்டர் கேட்காமலே சொன்னார். பியாட்றிஸ் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டாள். அந்த ஒரு வசனத்தை அந்தக் காலத்தில் தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

எட்வேர்டின் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படை இருந்தது. துண்டெடுத்துப் பார்த்தார்கள், இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜெரோசன் அவரைக் கிரமமாக வரச் சொல்லியிருக்கிறார். அந்த நாள் கிட்ட வரும்போதெல்லாம் எட்வேர்ட் படபடப்பாகவே திரிவார்.

பியாட்றிஸின் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது. போனமுறை பார்த்தபோதும் நோய் திரும்பவில்லை. சுவை அரைவாசிதான் வந்திருக்கிறது, உறைப்பு இனி எந்தக் காலத்திலும் இல்லை. கறி அருமைநாயகியின் கையில் போய்விட்டது. மா குழைத்து உருட்டுவது, மடிப்பது எல்லாம் இன்னும் பியாட்றிஸ்தான். தேவாலயத்தில் பாட்டுக்கு ஒன்றையும் பிடிக்காமல் நிற்கிறாள். பாடுவதில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கண்ணால் வரிகளோடு போகிறாள்.

சென்ற ஆவணியில் ஒரு பின்னேரம் நிஷானி வேர்த்து ஒழுக வீட்டுக்குள் வந்தாள். கைப்பையைக் கதிரையில் எறிந்தாள். "அம்மா, பஸ் வெளிக்கிட்டிட்டுது. பின்னாலை ஓடிப்போய்ப் பிடிச்சனான்."

"ஓடினனியோ?"

"ஓம். பாதித் தெருவுக்கு."

"களைக்கேல்லையோ?"

"இல்லையம்மா." அதைச் சொல்லும்போதே தான் சொல்வது என்ன என்று நிஷானிக்கு விளங்கியது. தாயின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

பியாட்றிஸ் குசினிக்குள் போனாள். கையைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். பின்னால் வந்த எட்வேர்ட் அவளுடைய தோள் குலுங்குவதைக் கண்டு பயந்துபோனார்.

"என்ன, நோகுதோ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஏதோ சொன்னாள். முந்தியே தெரிஞ்சிருந்தால் நானும் ஓடியிருப்பன் என்ற மாதிரி அவருக்குக் கேட்டது. ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை. "என்ன சொன்னனீ?" என்று கேட்டார். அவள் திருப்பிச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சாப்பாடு போடப் பானையைத் திறந்தாள். கீரையும் மீனும் கூடுதலாக வைத்தாள். பிறகு இன்னொரு கோப்பையை எடுத்துத் தனக்கும் போட்டுக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.